ஏழரை நிமிஷ விமானமும் தூங்கவிடாத மாத்திரையும்

மறுபடியும் அந்த வீடியோ வந்துடுச்சு.

இந்தத் தடவை அனுப்பினது என் அத்தை பையன். (நல்லவன். ஃபார்வர்ட் பட்டன் மட்டும் அவன் கைல இருக்கக் கூடாது.) ஃபேமிலி குரூப்ல, ஒரு குட் மார்னிங் ரோஜாவுக்கும் பெரியம்மாவோட மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவுல வந்து உக்காந்திருக்கு. பின்னணியில இடி இடிக்கிற மியூசிக். ஹிட்லரோட ரகசிய விமானங்கள், தூக்கமே தேவைப்படாத வீரர்கள், இன்னும் ஆறே ஆறு மாசம் கிடைச்சிருந்தா... அந்த "இருந்தா"வுல ஒரு இழுவை. அப்புறம் சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்றாங்க.

கீழ இவன் கமெண்ட் வேற: "மச்சான், நீ ஒட்டுற பிளேன்தானே இது?"

ஆமாடா. நான் ஒட்டுற பிளேன்தான். அதனாலதான் எரியுது.

புதுசா வந்தவங்களுக்கு: எனக்கு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒட்டுற வியாதி உண்டு. நிஜ விமானத்துல 72-ல ஒரு பங்கு அளவு. வீட்ல இதுக்குப் பேர் "உங்க பொம்மை". ரெண்டாம் உலகப்போரோட கடைசி ரெண்டு வருஷம்தான் எனக்குப் பிடிச்ச காலம். ஏன்னா அப்போ ஜெர்மன்காரங்க கட்டின விமானங்கள் ஒவ்வொண்ணும் வேற வேற கோணல். வால் இல்லாதது, முதுகுல இன்ஜின் வெச்சது, செங்குத்தா நட்டு வெச்சு ஏவினது. மேஜை மேல வரிசையா வெச்சா அவ்வளவு அழகு.

வீடியோ சொன்னது முழுப் பொய்யும் கிடையாது. அதுதான் கடுப்பே. விமானம் நிஜம். மாத்திரையும் நிஜம். ஆனா ரெண்டையும் காட்டி "பார், என்ன பலம்!"னு சொல்றாங்க பாருங்க... எனக்கு அதுல தெரியறது பூரா இல்லாமை. பெட்ரோல் இல்ல. அலுமினியம் இல்ல. ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்ட பைலட் இல்ல. தூங்க நேரம் இல்ல. இல்லாத அத்தனையையும் இருபது வயசுப் பையன் ஒருத்தனோட உடம்பைப் போட்டு ஈடுகட்டப் பார்த்திருக்காங்க.

சரி. வரிசையா வர்றேன். (வரிசையா வரமாட்டேன்னு உங்களுக்கே தெரியும்.)

முதல்ல கோமெட். மெஸ்ஸர்ஷ்மிட் 163. அலெக்ஸாண்டர் லிப்பிஷ் வடிவமைச்சது. உலகத்துலயே சண்டைக்குப் போன ஒரே ராக்கெட் போர்விமானம். குட்டியா, குண்டா, வால் இறக்கை இல்லாம, பார்க்க ஒரு செல்லப் பிராணி கணக்கா இருக்கும். 1941 அக்டோபர் 2-ம் தேதி ஹைனி டிட்மார்ங்கிற பைலட் இதுல மணிக்கு 1,004 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்தக் காலத்துல அது நினைச்சுப் பார்க்க முடியாத வேகம். 12,000 மீட்டர் உயரத்துக்கு நாலு நிமிஷத்துக்குள்ள ஏறிடும்.

வீடியோ இங்கயே நின்னுடுச்சு. மேல கேளுங்க.

முழு வேகத்துல எரிபொருள் தாங்கறது ஏழரை நிமிஷம்.

ஏழரை! வேணும்னே வெச்ச மாதிரி இருக்குல்ல? சனி பிடிச்சது யாரைன்னா, ஓட்டினவனை.

எரிபொருள் ரெண்டு வகை. ஒண்ணு டி-ஷ்டாஃப், அதாவது 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்ல காயத்துக்குத் தர்றது சில சதவீதம்தான், அதுக்கே நுரை தள்ளும். இன்னொண்ணு சி-ஷ்டாஃப், ஹைட்ரசீனும் மெத்தனாலும் கலந்தது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டாப் போதும், நெருப்புக் குச்சியே வேண்டாம், தானா வெடிச்சு எரியும். ராக்கெட் இன்ஜினுக்கு அது வசதி. மத்த எல்லாருக்கும் எமன். ரெண்டு டேங்கர் வண்டியும் ஒரே நேரத்துல விமானத்துக்குப் பக்கத்துல வரக் கூடாதுன்னு கட்டளை. ஒண்ணு ஊத்திட்டுப் போனதும் நல்லா தண்ணியடிச்சுக் கழுவிட்டுத்தான் அடுத்ததைக் கூப்பிடுவாங்க.

அந்த டி-ஷ்டாஃப் டேங்க் எங்க இருந்துச்சு தெரியுமா? பைலட்டோட ரெண்டு பக்கமும். இடது தொடைக்குப் பக்கத்துல ஒண்ணு, வலது தொடைக்குப் பக்கத்துல ஒண்ணு. அது துணியையும் எரிக்கும், தோலையும் எரிக்கும். கல்நார் கலந்த உடுப்பு ஒண்ணு போட்டுவிட்டாங்க. அவ்வளவுதான் பாதுகாப்பு.

சக்கரமும் கிடையாது. ஒரு தள்ளுவண்டி மேல ஓடிப்போய், தரையை விட்டதும் வண்டியைக் கழட்டிவிடணும். கழட்டிவிட்ட வண்டி சில நேரம் தரையில பட்டு எகிறி விமானத்தோட அடிவயித்துலயே திருப்பி அடிக்கும். 1943 டிசம்பர் 30-ம் தேதி யோசெஃப் பியோஸ்ங்கிற அனுபவசாலி பைலட் செத்தது இப்படித்தான். கிளம்பும்போதே கோளாறாகி எரிபொருள் குழாய் உடைஞ்சு, டி-ஷ்டாஃப் அவர் மேலயே கொட்டிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஹான்னா ரைட்ச், ஜெர்மனியோட பேர்பெற்ற பெண் பைலட், இதே விமானத்துல வண்டி கழலாம மாட்டி, இறங்கும்போது விழுந்து முகமே உடைஞ்சு மாசக்கணக்குல ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அந்தப் பறப்புல ராக்கெட்கூட பத்தவைக்கல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் ஒண்ணு. காக்பிட்ல காத்தழுத்தம் கிடையாது. அவ்வளவு வேகமா மேல ஏறும்போது வெளியழுத்தம் குறையக் குறைய வயித்துக்குள்ள இருக்கிற வாயு பெருசாகிட்டே போகும். அந்த வலியில பைலட் சுருண்டுடுவான். அதனால கோமெட் பைலட்டுகளுக்குத் தனிச் சாப்பாடு. நார்ச்சத்து கம்மியா, வாயு சேராததா பார்த்துச் சமைச்சாங்க. (நம்ம ஊர்ல அந்தப் படை இருந்திருந்தா மொச்சைக்கொட்டைக் குழம்புக்கு ராணுவச் சட்டமே போட்டிருப்பாங்க.) அதிசய ஆயுதம், ஆனா முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டோம்கிறதுல நிக்குது.

சரி, மேல போயாச்சு. அங்க அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிப் போயிட்டிருக்கு. நீங்க 900-க்கு மேல வர்றீங்க. குறிபார்க்க ரெண்டு மூணு செகண்ட் கிடைச்சா அதிகம். இருக்கிற ரெண்டு பீரங்கியும் கிட்ட போய்ச் சுட்டாத்தான் படும். தலா 60 குண்டு. ஒரு தடவை, அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு தடவை பாயலாம். எரிபொருள் தீர்ந்துடும். அதுக்கப்புறம் நீங்க இன்ஜின் இல்லாத கிளைடர். மெதுவா, தலைவிதியேன்னு இறங்கணும். இந்தச் சங்கதி அமெரிக்க மஸ்டாங் பைலட்டுகளுக்கும் தெரியும். கோமெட்டைத் துரத்தவே மாட்டாங்க. அது எங்க இறங்கும்னு பார்த்து அங்க காத்திருப்பாங்க. தப்பிச்சு வந்து அடிச்சறுக்குப் பலகையில தேய்ச்சுக்கிட்டு இறங்கினாலும் விமானம் நகராது. டிராக்டர் வந்து இழுத்துட்டுப் போற வரைக்கும் நடு மைதானத்துல உக்காந்திருக்கணும்.

சுமார் 370 கோமெட் கட்டினாங்க. போர் முடியற வரைக்கும் சுட்டு வீழ்த்தினது இருபதைக்கூடத் தொடல.

இப்போ வீடியோவுக்கு வர்றேன். அதுல கோமெட் பைலட்டுகள் மாத்திரை போட்டுட்டு ராப்பகலா பறந்ததாச் சொல்றான். ஏம்ப்பா, ஏழரை நிமிஷத்துக்குத் தூக்கம் வராம இருக்க மாத்திரை எதுக்கு? ரெண்டு தொடைக்கும் பக்கத்துல அந்த டேங்க் இருக்கும்போது எவனுக்குத் தூக்கம் வரும்?

மாத்திரை வேற ஆளுங்களுக்கு. அது வேற கதை. அந்தக் கதைதான் இன்னும் மோசம்.

பேர் பெர்விட்டின். பெர்லின்ல தெம்லர்னு ஒரு மருந்துக் கம்பெனி. அதுல ஃபிரிட்ஸ் ஹௌஷில்ட்னு ஒரு வேதியியலாளர். 1938-ல சந்தைக்கு வந்துச்சு. உள்ள இருந்தது மெத்தாம்ஃபெட்டமின். ஆமா, பிரேக்கிங் பேட் சீரியல்ல வேன்ல காய்ச்சுவாங்களே, அதேதான். இது ஜெர்மன் கண்டுபிடிப்பும் இல்ல. 1893-லயே ஜப்பான்ல நாகாயி நாகாயோஷி இதைச் செஞ்சு பார்த்துட்டார். அதுக்கு மூலப்பொருளான எஃபிட்ரினைச் செடியிலேர்ந்து பிரிச்சு எடுத்தவரும் அவரேதான்.

ஆரம்பத்துல ஜெர்மனியில இதை யார் வேணாலும் கடையில வாங்கலாம். சோர்வா? ஒண்ணு போடு. மனசு சரியில்லையா? ஒண்ணு போடு. இல்லத்தரசிகளுக்காக மெத்தாம்ஃபெட்டமின் கலந்த சாக்லேட்கூட வந்துச்சு. (வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும். அலமாரியை அடுக்கி முடிச்சுட்டுப் பக்கத்து வீட்டு அலமாரியையும் அடுக்கியிருப்பாங்க.)

ராணுவ மருத்துவ அகாடமியில ஓட்டோ ராங்கேன்னு ஒரு டாக்டர் இதை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதிச்சார். பையனுங்க தூங்கல. ஆனா யோசிச்சுப் போட வேண்டிய கணக்குல தப்பு அதிகமாச்சு. அதாவது முழிச்சிருப்பான், புத்திசாலி ஆயிட மாட்டான். ராணுவத்துக்கு அந்தப் பாதியே போதும்னு பட்டிருக்கு. ராங்கேயே வேலைப்பளுவுல இதைப் போட்டுப் பழகிட்டார், விட முடியாம அவஸ்தைப்பட்டார். தன் மருந்தைத் தானே தின்ன டாக்டர்!

1940 ஏப்ரல்லேர்ந்து ஜூலைக்குள்ள ஜெர்மன் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போன மாத்திரை 3.5 கோடிக்கு மேல. பெர்விட்டினும், ஐசோஃபான்னு இன்னொரு கம்பெனிச் சரக்கும் சேர்த்து. ஒரு மாத்திரை 3 மில்லிகிராம். பிரான்ஸ் மேல பாய்ஞ்ச சமயம் அது. ஆர்டென் காட்டு வழியா டாங்கிப்படை ராத்திரி பகல் நிக்காம போகணும், டிரைவர் தூங்கக் கூடாது. ஸ்டூகா மாத்திரை, டாங்கிச் சாக்லேட், கோரிங் மாத்திரைன்னு சிப்பாய்ங்க செல்லப் பேர் வெச்சுக் கூப்பிட்டாங்க.

பிரான்ஸை மாத்திரைதான் ஜெயிச்சுச்சுன்னு ஒரு கட்சி உண்டு. 2015-ல நார்மன் ஓலர் எழுதின ஜெர்மன் புத்தகம் வந்த பிறகு அந்தக் கட்சிக்கு மவுசு கூடிப்போச்சு. நல்லா விறுவிறுன்னு எழுதியிருக்கார், கீழ வைக்க முடியாது. ஆனா வரலாற்றுப் பேராசிரியர்கள் பலர், அதுல ரிச்சர்ட் எவான்ஸ் முக்கியம், இது ரொம்ப ஓவர்னு கடுமையா எழுதினாங்க. நான் அவங்க பக்கம். பிரெஞ்சுத் தலைமை குழம்பினது, ஜெர்மன் டாங்கியில ரேடியோ இருந்தது, இதையெல்லாம் விட்டுட்டு எல்லாத்துக்கும் மாத்திரைன்னு சொன்னா, நாளைக்கு செஞ்ச கொலைக்கும் மாத்திரைதான் காரணம்னு ஒருத்தன் கிளம்புவான். அது எனக்கு ஒப்பலை.

ஆனா தனிமனுஷனுக்கு அது என்ன பண்ணுச்சுங்கிறதுல சந்தேகமே இல்ல. ஹைன்ரிஷ் ப்யோல், பின்னாடி 1972-ல நோபல் பரிசு வாங்கின எழுத்தாளர், அப்போ சாதாரணச் சிப்பாய். முகாம்லேர்ந்து கொலோன்ல இருக்கிற வீட்டுக்கு எழுதின கடுதாசிகள்ல பெர்விட்டின் அனுப்புங்கன்னு கேட்டிருக்கார். ஹாஸ்டல் பையன் முறுக்கு கேக்கற இடத்துல இவர் இதைக் கேக்குறார்.

இந்த மாத்திரை புதுசா ஒரு தெம்பையும் கொண்டுவர்றதில்ல. தூக்கத்தைக் கடன் வாங்கித் தர்றது, அதுவும் கந்துவட்டிக்கு. ரெண்டு நாள் முழிச்சிருப்பீங்க, மூணாம் நாள் அசலும் வட்டியும் சேர்த்து வாசல்ல வந்து நிக்கும். சிப்பாய்ங்க தெளியவே நாளாச்சு. சில அதிகாரிகளுக்கு மாரடைப்பு. ஒரு தடவைக்கு ஒண்ணு போதும்னு இருந்தவன் ரெண்டு, நாலுன்னு போனான். கடைசியில நாஜி அரசோட சுகாதாரத் தலைவர் லியோனார்டோ கான்டியே தலையிட்டு 1941-ல இதை அபின் சட்டத்துக்குக் கீழ கொண்டுவந்தார். (கான்டியை நல்லவர்னு நினைச்சுடாதீங்க. மாற்றுத்திறனாளிகளைக் கொன்ன திட்டத்துல பங்குள்ள ஆள்.) சட்டம் வந்துச்சு. ராணுவத்துக்கு மாத்திரை போறது நிக்கல.

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? அதுவும் இல்ல. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளுக்கு பென்செட்ரின். அது ஆம்ஃபெட்டமின், இதோட பங்காளி. ராத்திரி கிளம்பி பெர்லின் வரைக்கும் போய்க் குண்டு போட்டுட்டுத் திரும்பற லங்காஸ்டர் விமானத்துல ஏழெட்டு மணி நேரம் குளிர்ல உக்காந்திருக்கணும். எல் அலமைன்ல மான்ட்கோமரி படைக்கும் கொடுத்தாங்க. ஜப்பான்ல ஹிரோபான்னு பேர். கமிகாசே பைலட்டுக்கும் போச்சு, ஆயுதத் தொழிற்சாலை ராத்திரி ஷிஃப்டுக்கும் போச்சு. போர் முடிஞ்சதும் மிச்சமிருந்த சரக்கு வெளியில வந்து ஊரே அடிமையாகி, 1951-ல தனிச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாப் போச்சு.

ஃபின்லாந்துக்காரர் ஒருத்தர் கதையைச் சொல்லாம போக முடியாது. ஐமோ கொய்வுனென். 1944 மார்ச் 18, லாப்லாந்துப் பனி. சோவியத் படை சுத்தி வளைச்சுடுச்சு. பனிச்சறுக்குல தப்பிச்சு ஓடறாங்க. குழுவுக்கான மொத்த பெர்விட்டினும் இவர் பையில. கையில தடிமனான கையுறை, ஒரு மாத்திரையைத் தனியா எடுக்க வரல. நிக்கவும் நேரமில்ல. மொத்தமாக் கொட்டி வாயில போட்டுட்டார். முப்பது மாத்திரை.

அப்புறம் நடந்தது பாதி அவருக்கே நினைவில்ல. மயக்கம், பிரமை, கூட வந்தவங்களைத் தொலைச்சு, கண்ணிவெடியில அடிபட்டு, பைன் மரத்து மொட்டையும் கையில சிக்கின ஒரு பறவையைப் பச்சையாவும் தின்னு உயிரைப் பிடிச்சிருக்கார். அதுக்குள்ள 400 கிலோமீட்டர் சுத்தியாச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 200, எடை 43 கிலோ. பொழைச்சுக்கிட்டார். 1989 வரைக்கும் இருந்தார்.

சூப்பர் வீரன்னா இவரைத்தான் சொல்லணும். அவரைக் கேட்டா என்ன சொல்லியிருப்பாரோ.

திரும்ப விமானத்துக்கு வர்றேன். இப்போ என் மேஜை மேல இருக்கிறது ஹைன்கெல் 162. ஃபோல்க்ஸ்யேகர். மக்கள் போர்விமானம்னு பேர் வெச்சாங்க. 1944 செப்டம்பர்ல கேட்டாங்க, டிசம்பர் 6-ம் தேதி பறந்துடுச்சு. சுமார் தொண்ணூறு நாள்ல ஒரு ஜெட் விமானம்! நம்ம தெருவுல தோண்டின பள்ளத்தை மூடவே அதைவிட நாளாகுது.

இந்தக் கிட்டோட நான் பட்ட பாடு இருக்கே. ஜெட் இன்ஜின் முதுகுல ஏறி உக்காந்திருக்கு. கனம் பூரா பின்னாடி. ஒட்டி, சாயம் அடிச்சு, அழகா மூணு சக்கரத்துல நிக்க வெச்சா... பின்னாடி சாஞ்சு வாலைத் தரையில வெச்சுட்டு மூக்கை வானத்துக்குத் தூக்கிட்டு உக்காருது. மூக்குக்குள்ள ஆணி போட்டுப் பார்த்தேன், பத்தல. பழைய பால்பேரிங் குண்டு போட்டேன், உள்ள உருண்டுக்கிட்டே இருந்துச்சு, விமானம் கிலுகிலுப்பை ஆயிடுச்சு. கடைசியில மீன்பிடி சாமான் விக்கிற கடைக்குப் போய் தூண்டில்ல கட்டற ஈயக்குண்டு வாங்கினேன். "என்ன மீனுக்குண்ணே?"ன்னார் கடைக்காரர். "ஹைன்கெல்"னேன். தெரிஞ்ச மீன் மாதிரி தலையாட்டினார். அந்த ஈயத்தைச் சுத்தியால தட்டித் தகடாக்கி, எம்-சீல் வெச்சு மூக்குக்குள்ள அடைச்சதும் கச்சிதமா நின்னுச்சு.

அதுக்கப்புறம்தான் படிக்கிறேன். நிஜ விமானத்துலயும் இதையேதான் பண்ணியிருக்காங்க!

சோதனையில விமானம் ஆடுது, நிலையா இல்ல. ஒழுங்கா மறுபடி வடிவமைக்கணும். ஆனா காலக்கெடு விடல. அதனால எடை சமநிலையை முன்னாடி தள்ள மூக்குல ஈயம் வெச்சு அடைச்சாங்க. வாலைக் கொஞ்சம் பெருசாக்கினாங்க. இறக்கை நுனியைக் கீழ மடக்கிவிட்டாங்க. படிச்சுட்டு தனியா உக்காந்து சிரிச்சேன். நானும் ஹைன்கெல் கம்பெனி இன்ஜினியர்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கோம். (வீட்ல சொன்னேன். "அவங்களும் வேலைவெட்டியை விட்டுட்டா?"ன்னு கேள்வி.)

சிரிப்பு அதோட சரி.

அலுமினியம் தட்டுப்பாடுங்கிறதால இறக்கை மரம். மரத்தை ஒட்டப் பசை வேணும். இருந்ததுலயே நல்ல பசை வுப்பர்டால்ல செஞ்சது. அந்தத் தொழிற்சாலை பிரிட்டிஷ் குண்டுவீச்சுல போயிடுச்சு. மாத்துப் பசையில அமிலத்தன்மை, மரத்தையே அரிக்கும். முதல் தடவை பறந்தப்பவே மூக்குச் சக்கரக் கதவு ஒண்ணு பிய்ஞ்சு பறந்துடுச்சு. காரணம் பசை. இருந்தும் நாலு நாள் கழிச்சு, டிசம்பர் 10-ம் தேதி, பெரிய பெரிய அதிகாரிகளை வரவெச்சு அதே விமானத்தைக் காட்டினாங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் இறக்கையோட முன்விளிம்பு பிரிஞ்சு போச்சு. பைலட் காட்ஹோல்ட் பீட்டர் அங்கயே செத்தார்.

திட்டத்தை நிறுத்தினாங்களா? இல்ல. வேகமாக்கினாங்க.

இதை ஓட்டப்போறது யார்னு வேற ஒரு யோசனை இருந்துச்சு. ஹிட்லர் இளைஞர் அமைப்புப் பசங்க. கிளைடர்ல கொஞ்சம் பழக்கிட்டு நேரா ஜெட்ல ஏத்திடலாம்னு. அனுபவமுள்ள பைலட்டுகளே இது பிடிவாதக் குதிரைன்னு பயந்த விமானம். பிரிட்டிஷ் சோதனை பைலட் எரிக் பிரௌன் போருக்கப்புறம் ஓட்டிப் பார்த்தார். கையாள இதமா இருக்கு, ஆனா சுக்கானை முரட்டுத்தனமா மிதிச்சா அவ்வளவுதான்கிற மாதிரி அவர் முடிவு. எத்தனையோ வகை விமானம் ஓட்டின கை அது. பதினேழு வயசுப் பையன் மிதிக்காம இருப்பானா?

நல்லவேளை, அந்தப் பசங்க அதுல ஏறி சண்டைக்குப் போறதுக்குள்ள போரே முடிஞ்சுடுச்சு. பயிற்சி கொடுக்க எரிபொருளும் இல்ல. 1944 மே மாசத்துலேர்ந்து அமெரிக்க விமானங்கள் செயற்கை எரிபொருள் ஆலைகளைக் குறிவெச்சு அடிச்சதுல, செப்டம்பருக்குள்ள விமான பெட்ரோல் உற்பத்தி கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஜெட் விமானத்தை ஓடுதளத்துக்குக் கொண்டுபோக மாடு கட்டி இழுத்திருக்காங்க. இதை அந்த வீடியோவுல இடி மியூசிக்கோட காட்டுங்களேன் பார்ப்போம்.

கட்டினது யாருங்கிறதும் வீடியோவுல வராது. வியன்னா பக்கத்துல ஹின்டர்ப்ரூல்னு ஒரு ஊர். பூமிக்கடியில ஒரு பழைய ஜிப்சம் சுரங்கம், அதுல ஏரி. தண்ணியை இறைச்சு வெளியேத்திட்டு மௌட்ஹௌசென் வதைமுகாம் கைதிகளை உள்ள இறக்கி இந்த விமானத்தோட உடற்பகுதியைச் செய்யவெச்சாங்க. இப்போ அது சுற்றுலாத் தலம். படகுல கூட்டிட்டுப் போறாங்க. நான் போனதில்ல. போகணும்னு தோணவும் இல்ல.

நாட்டரைச் சீக்கிரம் சொல்லிடறேன், அது நீளமாப் பேசற விஷயமில்ல. எரிஷ் பாஹெம் வடிவமைச்ச மர ராக்கெட் விமானம். கம்பத்துல நட்டுச் செங்குத்தா ஏவணும். மூக்குல 24 ராக்கெட் குண்டு. சுட்டதும் பைலட் பாரசூட்ல குதிச்சுடணும், இன்ஜினும் தனி பாரசூட்ல இறங்கும், மரம் போனாப் போகுது. 1945 மார்ச் 1-ம் தேதி லோதார் சீபர், 22 வயசு, முதல் தடவையா ஆள் உக்காந்து ஏவினது. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே மேல்மூடி பிச்சுக்கிட்டுப் போச்சு. மேகத்துக்குள்ள போய்க் கவிழ்ந்து, மொத்தமே ஒரு நிமிஷத்துக்குள்ள தரையில வந்து குத்திடுச்சு. எங்கிட்ட இந்தக் கிட் இருக்கு. பெட்டியைப் பிரிக்கவே இல்ல.

ஹார்ட்டன் பத்தி கமெண்ட்ல கேப்பீங்க. ரேடார்ல தெரியாத ஸ்டெல்த் விமானம்னு சொல்வாங்களே, வௌவால் கணக்கா வெறும் இறக்கை மட்டும் இருக்கிறது. பசையில கரித்தூள் கலந்தது ரேடாருக்குத் தப்பிக்கத்தான்னு அதை வடிவமைச்ச ரெய்மார் ஹார்ட்டன் சொன்னது போர் முடிஞ்சு பல பத்தாண்டு கழிச்சு. போர்க்காலத்துல அது மூணு நோக்கத்துக்காகக் கட்டினது: மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகம், 1,000 கிலோ குண்டு, 1,000 கிலோமீட்டர் தூரம். ஜெட் இன்ஜினோட பறந்தது ஒரே ஒரு விமானம். 1945 பிப்ரவரி 2-ம் தேதி பறந்துச்சு, 18-ம் தேதி விழுந்துச்சு, பைலட் எர்வின் சில்லர் செத்தார். அடுத்த விமானத்தோட பாகங்கள் அமெரிக்காவுல ஸ்மித்சோனியன்ல இருக்கு. பிரமாதமான வடிவம்தான், மறுக்கல. ஆனா ஆறு மாசத்துல உலகத்தைப் புரட்டிப் போட்டிருக்கும்னா, எதை ஊத்தி ஓட்டியிருப்பாங்க?

மாத்திரையோட கடைசி அத்தியாயமும் இதே 1944 கடைசியிலதான். குட்டி நீர்மூழ்கிகள்ல ஒருத்தர் ரெண்டு பேரை அடைச்சு நாள்கணக்குல கடலுக்கு அனுப்பணும். பெர்விட்டின் மட்டும் பத்தாதுன்னு கீல் நகரத்துல கெர்ஹார்ட் ஒர்செகோவ்ஸ்கிங்கிற மருந்தியல் நிபுணர் ஒரு கலவை தயாரிச்சார். டி-9. ஒரு மாத்திரையில 5 மில்லிகிராம் கொகெயின், 3 மில்லிகிராம் பெர்விட்டின், 5 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன்.

சோதிச்ச இடம் சாக்சென்ஹௌசென் வதைமுகாம். அங்க ஏற்கெனவே ஒரு நடைபாதை இருந்துச்சு. கான்கிரீட், சரளை, மணல்னு விதவிதமான தரை. ராணுவ பூட்ஸுக்கான அடிப்பாகம் எவ்வளவு தேயுதுன்னு பார்க்க, கைதிகளுக்கு பூட்ஸை மாட்டிவிட்டு நாள் முழுக்க நடக்கவிடுவாங்க. விழுந்தவன் எந்திரிக்கலைன்னா அவ்வளவுதான். அதே பாதையில, முதுகுல சுமையோட, இந்தக் கலவையைக் கொடுத்து ராத்திரி பகலா நடக்கவெச்சுப் பார்த்தாங்க. எத்தனை மணி நேரம் தாங்கறான், எத்தனை கிலோமீட்டர் போறான்னு குறிச்சுக்கிட்டாங்க. தூக்கமே தேவைப்படாத சூப்பர் வீரன்னு வீடியோ சொல்ற ஆளை ஆராய்ச்சி பண்ணது இந்த மனுஷங்க கால்மேல.

இதுக்கப்புறம் அந்த வீடியோவை எப்படிப் பார்க்கறது சொல்லுங்க.

போரோட இது முடிஞ்சுடல. ராக்கெட் விமானம்தான் மியூசியத்துக்குப் போச்சு, மாத்திரை போகல. வியட்நாம்ல அமெரிக்கச் சிப்பாய்க்குப் போச்சு, வளைகுடாப் போர்லயும் போச்சு. அமெரிக்க விமானப்படையில இதுக்கு "கோ மாத்திரை"ன்னே பேர். டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின். திரும்பி வந்ததும் தூங்கறதுக்குத் தனி மாத்திரை, அது "நோ-கோ".

2002 ஏப்ரல் 17 ராத்திரி ஆப்கானிஸ்தான்ல காந்தகார் பக்கம் தார்னக் பண்ணையில கனடா நாட்டுப் படை பயிற்சிச் சுடுதல் பண்ணிட்டிருந்துச்சு. மேல போன அமெரிக்க எஃப்-16 பைலட் ஒருத்தர் தன்னைத்தான் சுடறாங்கன்னு நினைச்சுக் குண்டைப் போட்டுட்டார். நாலு கனடாச் சிப்பாய்கள் செத்தாங்க. பைலட்டுகளோட வக்கீல்கள் கோ மாத்திரையைக் காரணமாக் காட்டினாங்க. விமானப்படை ஒத்துக்கல. குண்டு போட்டவருக்குக் கண்டனக் கடிதம், கூடவே 5,672 டாலர் சம்பளப் பிடித்தம்.

அந்த விசாரணை சமயத்துலதான் பைலட்டுகள் கையெழுத்துப் போடற ஒப்புதல் படிவம் வெளியில வந்துச்சு. மாத்திரை போடறதும் போடாததும் முழுக்க உங்க விருப்பம்னு அதுல இருக்கு. கொஞ்சம் கீழ வந்தா, தேவைப்படற நேரத்துல நீங்க போட மறுத்தா அந்தப் பறப்புக்கு நீங்க தகுதியானவரா இல்லையான்னு உங்க கமாண்டர் முடிவெடுக்கலாம்னும் இருக்கு.

நல்ல விருப்பம்டா சாமி.